புதியவர்களுக்கு மட்டும்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று ஒருவன் சொன்னால், அவனுக்குச் சகலை இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒரு சகலை உண்டு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பன்னிரண்டு வருடம் மெத்தைக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன் என்பதால் அவனை நான் மெத்தை என்றுதான் சொல்வேன். முகத்துக்கு நேரே இல்லை, வீட்டில், என் மனைவியிடம். அந்த மெத்தைக்கு மாநகராட்சியே பணம் கொடுத்து, என் கடைக்கு நேர் எதிரே ஓர் உணவகம் வைக்கச் சொன்னது. வயிறு எரியாமல் குளிருமா?

என் கடை நகரத்தின் மையத்தில், பழைய கடைத்தெருவில் இருந்தது. எட்டு மேசை. காலையில் ரொட்டியும் முட்டையும் சூப்பும், மதியம் மீனும் காய்கறியும். பதினேழு வருடம் நடத்தினேன். ஊருக்கு வெளியே குளுகுளு வணிக வளாகம் வந்த பிறகு எங்கள் தெருவுக்கு ஆள் வருவது நின்றுபோனது. கடிகாரக் கடை போனது, செருப்புக் கடை போனது, தையற்காரர் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இழுத்து மூடிய ஷட்டர்களில் நோட்டீஸ் ஒட்டி, அதன் மேல் இன்னொரு நோட்டீஸ் ஒட்டி, தெருவே செத்துக் கிடந்த காலத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

அப்புறம் ஒரு நாள் மாநகராட்சிக்கு விழிப்பு வந்தது. நகர மையப் புத்துயிர்த் திட்டம் என்று பெயர். வண்டி வரக்கூடாது என்றார்கள். தரையில் கல் பதித்தார்கள், பெஞ்சு போட்டார்கள், பூந்தொட்டி வைத்தார்கள். மூடிக் கிடக்கும் கடைகளில் உணவகம் தொடங்குகிறவர்களுக்குச் செலவில் பாதியை மாநகராட்சியே தரும் என்று பெரிய பலகை வைத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மாலை போட்டு வரவேற்பார்கள் என்று ஒரு நினைப்பு.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். திட்டத்துக்கு அவர்தான் எழுத்தர். என் உரிமத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க கடைதான் ஏற்கெனவே ஓடுதே சார்?"

"ஆமாம்மா, பதினேழு வருஷமா."

"இது புதுக் கடைக்கு மட்டும்தான்."

"அப்போ ஓடுற கடைக்கு?"

"ஓடுற கடைக்கு எதுக்கு சார் உதவி?"

உரிமத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். உயிரோடு இருப்பதற்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து, எதிர்ச்சாரியில் பழைய செருப்புக் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான் மெத்தை. தோசைக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் சாப்பிட்ட பிறகு சொல்கிற ஆள். "மெத்தை வித்தவன் சாப்பாட்டுக் கடை வெச்சா சாப்பிட்டவன் அங்கேயே படுத்துருவான்" என்று நான் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மேயர் வந்தார். என் மாமியார் முதல் வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். என் கடை திறந்தபோது அவருக்குக் கால் வலி. மெத்தை ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நீங்கதான் முதல் பந்தி. உங்களைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு."

அவன் மனசாரச் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

மாமியார் அடுத்த அடி கொடுத்தார். "மாப்பிள்ளை, நாற்காலியெல்லாம் பாத்தீங்களா, எவ்வளவு மெத்து மெத்துன்னு இருக்கு! உங்க கடையிலயும் இப்படிப் போடக்கூடாதா?"

"போடலாம் அத்தை. உங்க சின்ன மாப்பிள்ளைக்குக் குடுத்த மாதிரி எனக்கும் மேயர் வாங்கிக் குடுத்தா போடலாம்" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எதிர்க் கடைக்குள் நுழைகிற தலைகளை எண்ணுவது எனக்கு வேலையாகிவிட்டது. எண்ணக்கூடாது என்று நினைப்பேன்; கண் எண்ணிவிடும். கயிற்றில் தொங்கும் விளக்குகள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய பட்டியல், தட்டு வந்ததும் சாப்பிடாமல் போட்டோ எடுக்கிற கூட்டம். எங்கள் தெரு நடைபாதையில் இருபது வருடமாகச் சாவி செய்கிற சாவிக்காரர் என் கடையில் தினமும் சாப்பிடுகிறவர். ஒரு மதியம் அவர் அங்கிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி பாவனை செய்தார். காலில் இருந்தது செருப்பு.

மெத்தை வாரத்துக்கு ஒரு முறை மூடி போட்ட தட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்புவான். "உங்களை டேஸ்ட் பண்ணிப் பாக்கச் சொன்னாரு" என்று மைத்துனி கொண்டுவந்து வைப்பாள். முதல் மாதம் வந்ததெல்லாம் வாயில் வைக்க விளங்கவில்லை. மீன் வெந்திருந்தால் உப்பு இருக்காது, உப்பு இருந்தால் மீன் கரைந்திருக்கும். அந்தத் தட்டுகளை நான் எவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டாவது மாதம் ஒரு தட்டு வந்தது. ஒரு வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. அது எங்கள் கடை மீன்.

சமையலறைக்குள் போய் மனைவியிடம் கேட்டேன். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"ஆமா. தங்கச்சி கேட்டா, சொன்னேன்."

"தொழில் ரகசியத்தைக் கொண்டுபோய் எதிர்க் கடையில குடுப்பாங்களா?"

"என்ன ரகசியம்? வெங்காயத்தைக் கருக விடாதேன்னு சொன்னேன். அது உங்களுக்கு ரகசியம்னா நான் என்ன பண்ண?"

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். காலை ஐந்து மணிக்கு அந்த அடுப்பின் முன் நின்றால் மதியம் மூன்று மணிக்குத்தான் உட்காருவாள். உரிமம் என் பெயரில், வாடகை ஒப்பந்தம் என் பெயரில், பலகையில் என் அப்பா பெயர். சாப்பிட்டுவிட்டுக் கல்லாவுக்கு வருகிறவர்கள் "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது சார்" என்பார்கள். நான் சில்லறையைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொள்வேன். அவர்களை நிற்கவைத்து விளக்கம் சொல்லவா முடியும், பின்னால் ஆள் காத்திருக்கும்போது?

கூட்டம் பாதியாகக் குறைந்த அந்த மாதத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாநகராட்சிச் சுவரில் ஒட்டியிருந்த திட்ட அறிவிப்பை நின்று படித்தேன். "ஆறு மாதங்களுக்குக் குறையாமல் மூடப்பட்டிருக்கும் கடைகள்" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. விஷயம் அவ்வளவுதானே! கடையை ஆறு மாதம் மூடுவது. பிறகு புதுப் பெயரில் விண்ணப்பிப்பது. மெத்தைக்குக் கிடைத்த விளக்கு எனக்கும் கிடைக்கும், அவன் போட்டதைவிடப் பெரிய விளக்காகவே போடலாம். அறிவிப்பு ஐந்து பக்கம். நான் இரண்டு பக்கம் படித்தேன். சந்தோஷத்தில் மிச்சத்துக்குப் பொறுமை இல்லை.

மனைவி மட்டும் சொன்னாள். "ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுக்கலாமே. எல்லா ஃபாரமும் நிரப்பினவர் அவர்தானே."

"மெத்தைகிட்டயா? நான் போய் அவன்கிட்ட யோசனை கேக்கணுமா?"

"கேட்டா என்ன, கிரீடமா இறங்கிடும்?"

இறங்கிவிடும். மாமியார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை என்பது ஒரு பதவி. இளையவன்தான் வந்து கேட்க வேண்டும். மூத்தவன் தெரிந்த மாதிரி தலையாட்ட வேண்டும். இந்த முறையை மாற்ற நான் யார்? அவள் அந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவை சொல்வதற்குள் நான் பூட்டு வாங்கி வந்துவிட்டேன். கட்டட உரிமையாளரிடம் பேசி, மூடியிருக்கும் காலத்துக்குப் பாதி வாடகை என்று முடித்தேன். எட்டு மேசையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். சாவிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், நீங்களுமா?" என்றார். இந்த முறை அவர் குனியவில்லை.

வீட்டில் உட்கார்ந்தால் ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் மனைவிக்குச் சும்மா இருக்க வராது. "தங்கச்சிக்கு ஒத்தாசையா போயிட்டு வரேங்க" என்று காலையில் கிளம்பிவிடுவாள். எத்தனை நாளைக்குத்தான் நான் சுவரைப் பார்ப்பது? ஒரு நாள் பழைய தெருப்பக்கம் நடந்தேன். என் ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எதிரே மெத்தையின் கடையில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடி. சமைப்பதைச் சாப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். மைத்துனி ஏதோ சொன்னாள். இவள் கரண்டியும் கையுமாகத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். மேசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சைகை காட்டினாள். என் மனைவி தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

எங்கள் சமையலறையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை மெத்தையின் விளக்கு மேலோ நாற்காலி மேலோ இல்லை. யார் மேல் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மெத்தை அவளுக்குச் சம்பளம் போட்டுத் தருவதாகச் சொன்னானாம். அவள் வேண்டாம் என்றுவிட்டாளாம். இதை அவள் சொன்னதும் நான் எகிறிக் குதித்தேன்.

"என் பொண்டாட்டிக்குச் சம்பளம் குடுக்க அவன் யாரு?"

"அதான் வேண்டாம்னுட்டேனே. எதுக்குக் கத்தறீங்க?" என்றாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். அதே கண்ணாடி அம்மாள். கடையின் விவரத்தைக் கணினியில் தட்டிப் பார்த்தார்.

"கடை சரியா இருக்கு சார். ஆறு மாசம் மூடியிருக்கு. யாருக்குப் போடறீங்க?"

"எனக்குத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், நாலாம் பக்கம் படிச்சீங்களா? விண்ணப்பிக்கிறவங்க இதுக்கு முன்னாடி ஹோட்டல் தொழில்லயே இருந்திருக்கக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கு மட்டும். உங்க பேர்ல பதினேழு வருஷ உரிமம் இருக்கு."

எதிரிக்குச் சகுனம் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எதிரிக்குத் தடையும் ஆகவில்லை. மூக்கு மட்டும் போனது. மெத்தையிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாலாம் பக்கத்தை அவன் ஒரு மூச்சில் ஒப்பித்திருப்பான்.

"வேற வழியே இல்லையாம்மா?"

"வீட்டுல வேற யாராவது இருந்தா அவங்க பேர்ல போடலாம். சொந்தக்காரங்களா இருந்தா தப்பில்ல. ஆனா அவங்களும் ஹோட்டல்ல வேலை பாத்திருக்கக் கூடாது. சம்பளம் வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. பின்னாடி தெரிய வந்தா குடுத்ததை எல்லாம் திருப்பிக் கேப்பாங்க. இந்த மாசத்தோட திட்டம் முடியுது சார், பாத்துக்கங்க."

வீட்டுக்கு வருவதற்குள் கட்டட உரிமையாளரும் போன் செய்துவிட்டார். செல்போன் கடைக்காரர்கள் என் இடத்தைக் கேட்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் நான் ஒரு முடிவு சொல்லாவிட்டால் அவர்களுக்கே கொடுத்துவிடுவாராம். கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "நான்தான் சொன்னேனே" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"என் பேர்ல போடுங்க" என்றாள்.

"நீ பதினேழு வருஷம் அங்கதானே வேலை பாத்தே?"

"எந்தப் பேப்பர்ல இருக்கு?"

எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தேன். உரிமம், வாடகை ஒப்பந்தம், வரிக் காகிதங்கள், சுகாதாரத் துறைப் பதிவேடு, வேலையாட்கள் பட்டியல். தட்டு கழுவிய ஆள்கள் பெயர்கூட இருந்தது, மூன்று மாதம் வந்துவிட்டு ஓடிப்போனவன் பெயர் உட்பட. அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பித்தோம் என்று பீரோவைச் சாத்தினேன்.

விண்ணப்பத்தை மெத்தைதான் நிரப்பிக் கொடுத்தான். "அண்ணி பேர்ல வந்தா இன்னும் நல்லதுண்ணா, பெண் தொழில்முனைவோர்னு அஞ்சு மதிப்பெண் கூட உண்டு" என்று குழந்தை மாதிரி மகிழ்ந்தான். இரண்டு வாரத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நீளமான அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி, ஒரு பக்கம் வங்கிக்காரர், மறு பக்கம் நரைத்த மீசையோடு பொறியாளர். கூட வந்தவர்கள் பின்னால் உட்காரலாம் என்றார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். முன்னால் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

என்ன சமைப்பீர்கள், யாருக்குச் சமைப்பீர்கள் என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நின்றபடி சாப்பிடுகிற மாதிரி என்ன, மதியம் கடைக்காரர்களுக்குச் சீக்கிரம் ஆகிற மாதிரி என்ன என்று அவள் வரிசையாகச் சொன்னாள். சமையலறைக்கு ஜன்னல் உடைக்க வேண்டும் என்றாள். எனக்கு அது புதுச் செய்தி. ஓர் ஆள் எத்தனை தட்டு கழுவ முடியும் என்று வங்கிக்காரர் மடக்கியதற்கும் டக்கென்று பதில் வந்தது. தலைவி மற்ற இருவரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்னை இப்படி யாரும் பார்த்ததில்லை. சொந்த மனைவி மேலேயே எனக்கு எரிந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"ரொம்பத் தெளிவா பேசறீங்க. ஹோட்டல்ல வேலை பாத்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார் தலைவி.

"இல்லைங்க."

"இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வீட்டுலதாங்க இருந்தேன்."

அவள் குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் நாற்காலி சுட்டது. எழுந்து நின்று, "பொய்ங்க, பதினேழு வருஷம் அந்த அடுப்பு இவ கையிலதான் எரிஞ்சுது, நான் சில்லறை எண்ணினவன்" என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் கடை செல்போன்காரனுக்கு. கத்தியிருக்க வேண்டிய ஆயிரம் நாட்களில் ஒரு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

பொறியாளர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அந்த இடத்துல முன்னாடி ஒரு சின்ன ஹோட்டல் இருந்ததே? தெருவுக்குக் கல் பதிச்சப்போ மூணு மாசம் நான் அங்கதான் சாப்பிட்டேன். மீன் அப்படி இருக்கும். இன்னும் நாக்குல நிக்குது." அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. "நீங்க கல்லாவுல இருந்தவர்தானே? அங்க யார் சார் சமைச்சது?"

அவள் முதுகு அசையவில்லை. பேனாவைப் பிடித்திருந்த தலைவியின் கை காத்திருந்தது.

"நான்தாங்க" என்றேன்.

"பிரமாதமான கை சார் உங்களுக்கு" என்றார் பொறியாளர்.

தலைவி எதையோ எழுதிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ எங்களுக்குக் கவலை இல்ல. வீட்டுலயே வாத்தியார் இருக்கார். அவர்கிட்ட கேட்டுக் கத்துக்கங்க."

"கத்துக்கறேங்க" என்றாள் என் மனைவி.